காக்காவையும் எழுதுங்கள்

புதிதாகப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களின் குறிப்பேட்டில் பெரும்பாலும் காக்கா இருக்காது. அதைப் போய் யார் எழுதுவார்கள் என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இந்தப் பழக்கத்தை மாற்றுகிறது. வீட்டு மொட்டைமாடியோ கண்மாய்க்கரையோ, 15 நிமிடமாவது நின்று, கண்ணில் பட்டதும் குரலை வைத்துத் தெரிந்ததுமாக எல்லாப் பறவைகளையும் குறித்து, பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 'எல்லா' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அரிய பறவைகளை மட்டும் எழுதிய பட்டியலில் காக்கா இல்லை என்றால், அது அங்கே இல்லையா, எழுதத் தோன்றவில்லையா என்று தெரியாது. முழுப் பட்டியலில் அந்தச் சந்தேகம் வராது. விடுபட்ட பெயரும் ஒரு தகவலாகிவிடுகிறது.

பனங்காடை என்ற பறவையை எடுத்துக்கொள்வோம். நாட்டில் எத்தனை இருக்கின்றன என்று எவராலும் எண்ண முடியாது. ஆனால் ஒரு காலத்தில் 100 முழுப் பட்டியல்களில் 20-இல் இருந்த பறவை, சில ஆண்டுகள் கழித்து 14-இல்தான் இருக்கிறது என்றால், 30 சதவீதச் சரிவு. விகிதத்தைப் பார்ப்பதால், பறவை பார்ப்பவர்கள் கூடிப்போனாலும் கணக்கு குழம்பாது.

சரி, எல்லோருக்கும் ஒரே கண்ணா? இல்லைதான். பழகியவர் அரை மணியில் 40 இனம் சொல்வார். புதியவர் எட்டோடு நிற்பார். அதனால் பட்டியலின் நீளத்தையும் கணக்கில் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். எல்லோரும் வேடந்தாங்கலிலேயே குவிந்தால் அந்த இடமே நாடாகத் தெரியும்; அதைத் தடுக்க வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து சராசரி எடுக்கிறார்கள்.

சுமார் 30,000 பேரின் மூன்று கோடிக் குறிப்புகளை இப்படிச் சலித்து 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருந்தன. நான் மேலே சொன்ன 30 சதவீதம் கற்பனைக் கணக்கல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பனங்காடைக்கு ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கிறது. மயில் பெருகியிருக்கிறது, அது அறிக்கை பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்.

மொட்டைப் பனையின் பொந்தில் முட்டையிட்டு, வெட்டவெளியில் பூச்சி பிடித்து வாழ்வது பனங்காடை. அந்த வெட்டவெளிக்கு அரசுப் பதிவேட்டில் தரிசு என்று பெயர். ஏரியைக் காக்க ஊரே வரும், பொட்டல்காட்டுக்கு யார் வருவார்கள்? அங்கே மரம் நடலாம், மனை போடலாம் என்று பேச்சு வரும்போது, இது சும்மா கிடக்கும் நிலமல்ல என்று காட்ட, பல ஆண்டு முழுப் பட்டியல்களை விட்டால் கையில் வேறொன்றும் இருக்காது.

அதனால் ஏரிக்கு ஒருநாள் போனால், பொட்டலுக்கும் ஒருநாள் போகிறேன். போன முறை அங்கே 15 நிமிடத்தில் கிடைத்தது: காக்கா மூன்று, கரிச்சான் ஒன்று. அதையும் ஏற்றிவிட்டேன்.