சான்றிதழில் கையெழுத்து யாருடையது? விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

கடலூர்ப் பக்கம் விளையாடுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு தடித்த ஃபைல் கட்டாயம் இருக்கும். கராத்தே, சிலம்பம், ஸ்கேட்டிங், தடகளம் என்று பளபளக்கும் சான்றிதழ்கள், பாதிக்கு மேல் 'நேஷனல்' என்று போட்டவை. யாராவது அதைக் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் பார்ப்பது கீழே உள்ள கையெழுத்தை. வேலைக்கோ கல்லூரிக்கோ போகும்போது அதிகாரிகள் பார்க்கப்போவதும் அதைத்தான்.

மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் நான்கு வகைச் சான்றிதழ்கள் முக்கியமானவை. இந்தியாவுக்காகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 1. அந்த விளையாட்டை நாடு முழுக்க நடத்தும் தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2. மாநிலச் சங்கத்தின் செயலாளர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர் அல்லது இயக்குநர். தேசிய அளவிலான பள்ளி விளையாட்டு என்றால் படிவம் 4. பள்ளிக் கல்வி இயக்ககத்தில் பள்ளி விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர், இணை இயக்குநர் அல்லது துணை இயக்குநர். மாவட்டத்தில் முதலிடம் என்ற சான்றிதழுக்கு இந்த நான்கிலும் இடமில்லை. போட்டி முடிந்த கையோடு படிவத்தையும் வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்துத் தேடிப் போனால் அந்தச் செயலாளரே பதவியில் இருக்கமாட்டார், சங்கமே இரண்டாகியிருக்கும். சான்றிதழை லேமினேட் செய்யவும் வேண்டாம். சரிபார்த்து முத்திரை குத்த இடம் வேண்டும்.

பள்ளி வழியாகப் போகும் பாதை பி.டி. மாஸ்டர்களுக்கு மனப்பாடம்: குறுவட்டம் (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடப்பது), வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. வயதுப் பிரிவுகள் 14, 17, 19-க்கு உட்பட்டோர். இன்னொரு பாதை சங்கங்கள் வழியாக. தடகளத்தில் மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டி என்று ஒன்று இருக்கிறது. 14, 16 வயதுக்கு உட்பட்டவர்கள் மாநில அணிக்குக் காத்திருக்காமல் மாவட்டத்தின் பெயரிலேயே களமிறங்கலாம். நெல்லிக்குப்பத்துப் பிள்ளையும் குறிஞ்சிப்பாடிப் பிள்ளையும் 'கடலூர்' என்று நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடும் இடம் அது. பல பள்ளிகளில் இப்படி ஒன்று இருப்பதையே சொல்வதில்லை.

இந்த இரண்டு பாதைகளிலும் சேராத 'நேஷனல்' போட்டிகள்தான் ஃபைலை நிரப்புபவை. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், லாட்ஜ், டிராக் சூட் எல்லாம் பெற்றோர் செலவு. ஒரு எடைப் பிரிவில் மூன்று பேர் வந்து மூவரும் மெடலோடு திரும்புவார்கள். பிள்ளைக்கு வெளியூர் அனுபவம் வேண்டும் என்று தெரிந்தே போனால் தவறில்லை. ஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிப் போகாதீர்கள். பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த சம்மேளனம் நடத்துகிறதா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சரியான சான்றிதழ் இருந்தால் என்ன கிடைக்கும்? தமிழ்நாட்டு அரசு வேலைகளில் சாதனை படைத்த வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்குக் கைச்செலவுக்கென்று மாதம் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1.20 லட்சம். பயிற்சி, உணவு, உபகரணச் செலவு தனி. தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை. மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். ஷூ வாங்கவோ போட்டிக்குப் போகவோ பணமில்லை என்றால் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 2023-இல் தொடங்கியது, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சாதாரணக் குடும்பத்துக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி என்பேன். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். தங்குமிடம், சத்தான சாப்பாடு, பயிற்சி, சீருடை, உபகரணம் எல்லாம் இலவசம். பக்கத்துப் பள்ளியில் படிப்பு. ஆண்டுத் தேர்வு முடியும் சமயத்தில் அறிவிப்பு வரும். விண்ணப்பம் ஆன்லைனில். விவரம் கேட்க மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் போவதே நல்லது.

ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அனுப்புகிறோம் என்பது நினைவிருக்கட்டும். ஊரில் அது எப்போதும் முதலிடம். அங்கே வந்திருக்கும் எல்லாப் பிள்ளையும் அவரவர் ஊரில் முதலிடம். முதல் வருடம் தோற்றுக்கொண்டே இருக்கும். ஜெர்சியைத் தானே துவைக்கும், விடியற்காலையில் விசில் சத்தத்துக்கு எழும், ஃபோனில் "வந்து கூட்டிட்டுப் போப்பா" என்று அழும். அப்போது "எத்தனாவது வந்தே?" என்று கேட்கும் அப்பாவைவிட "சாப்பிட்டியாடா?" என்று கேட்கும் அப்பாவின் பிள்ளை அங்கே தாக்குப்பிடிக்கும். விடுதிக்குப் போகும் பிள்ளைகளில் அரசு வேலை வரை போகிறவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு மிஞ்சுவது அந்த விசிலுக்கு எழுந்த பழக்கமும் தோற்றுப் பழகிய மனசும். அதுவே போதும் என்று நினைக்க முடிந்தால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாலம் தாண்டினால் புதுச்சேரி. உப்பளத்தில் மைதானமும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும் இருக்கின்றன. ஆள் குறைவு, அணியில் இடம் சுலபம் என்று பிள்ளையைப் பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. பள்ளி விளையாட்டில் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் பிள்ளை ஆடும். அப்படிப் புதுச்சேரிக்கு ஆடிவிட்டு, பிறகு தமிழ்நாட்டு வேலை ஒதுக்கீட்டில் வந்து நின்றால் இடிக்கும். அதற்குத் தமிழ்நாட்டின் சார்பிலோ இந்தியாவின் சார்பிலோ ஆடியிருக்க வேண்டும். ஆதார் கடலூரில், பள்ளி புதுச்சேரியில், சங்கப் பதிவு இரண்டிலும் என்று வைத்துக்கொள்வது மகா தொல்லை. எட்டாம் வகுப்புக்குள் ஒரு பக்கம் முடிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக வயது. ஒரு வருடம் குறைத்துக் காட்டினால் மெடல் நிச்சயம் என்று சொல்லும் கோச்சுகள் இருக்கிறார்கள். வயது மோசடிக்கு எதிரான தேசிய விதிமுறை 2010 முதல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் உடல், பல், கை எலும்பு எக்ஸ்ரே என்று சோதிப்பார்கள். சிக்கினால் தடை பிள்ளைக்கு. சொல்லிக்கொடுத்த கோச் அடுத்த பேட்ச் எடுத்துக்கொண்டிருப்பார். மோசடி எதுவும் செய்யாத வீட்டிலும் பிறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்று இருந்து போட்டிக்கு முதல் நாள் ஓடுவார்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கோடை விடுமுறையிலேயே பார்த்துத் திருத்திவிடுங்கள். குறுவட்டப் போட்டி தொடங்கிய பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க நேரம் இருக்காது.