எரர் காட்டும் சென்சாரை உடனே மாற்றாதீர்கள்

பழைய காரில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் வழக்கமாக நடப்பது இதுதான். ஸ்கேனரைச் செருகுவார்கள், ஓர் எரர் கோடு வரும், அதில் எந்தச் சென்சாரின் பெயர் அடிபடுகிறதோ அதைக் கழற்றிப் புதிது மாட்டி, எரரை அழித்து அனுப்பிவிடுவார்கள். சில நாள் ஓடியதும் அதே விளக்கு, அதே எரர். கோளாறைக் கண்டு சொன்ன சென்சார் குப்பைக்குப் போயிருக்கும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த விளக்கு எதற்கு வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். புகையில் நச்சு கூடிவிடாமல் கண்காணிப்பதுதான் ஓபிடி-2 எனும், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் முதல் வேலை. அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு 1996 மாடலிலிருந்து இது கட்டாயம். மற்ற நாடுகளும் பின்னால் வந்தன. அதனால்தான் ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியாதபோதும் விளக்கு எரிகிறது.

பழைய கார்களில் அடிக்கடி வரும் பி0171 என்ற எரர் கோடை எடுத்துக்கொள்வோம். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது இதன் பொருள். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிந்தபின் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை மோந்து பார்ப்பது ஆக்சிஜன் சென்சார். பெட்ரோல் கூடினால் அதன் மின்னழுத்தம் 0.9 வோல்ட்டை நெருங்கும். காற்று கூடினால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். அதைப் பார்த்து, இன்ஜினை இயக்கும் கணினியான இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். இந்தத் திருத்தத்தின் பெயர் ஃபியூல் டிரிம். சதவீதத்தில் ஸ்கேனரிலேயே தெரியும்; + என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது என்று பொருள். எரர் கோடைவிட நான் நம்புவது இந்த எண்ணைத்தான்.

இன்ஜின் சூடானபின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, டிரிம் +22 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பிடித்தால் +4-க்கு இறங்கிவிடுகிறது. அப்படியானால் எங்கோ வேக்யூம் லீக், அதாவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் விரிசல், இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஐடிலிங்கில் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால், காற்றை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளே உறிஞ்சல் பலமாக இருக்கும். உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான். அதில் விரிசல் வழியாக நுழைவது பெரும்பங்கு. த்ராட்டில் திறந்ததும் காற்று வெள்ளமாகப் பாயும், அந்தத் திருட்டுக் காற்று கணக்கிலேயே வராது. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது டிரிம் கூடினால் ஃபியூல் பம்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்க வேண்டும். காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் அழுக்கு படிந்திருந்தாலும் இப்படி ஆகும். ஒன்று சொல்ல வேண்டும்: எம்ஏஎஃப் உள்ள கார்களுக்குத்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும் கார்களில் லீக் இருந்தால் பெரும்பாலும் ஐடிலிங் வேகம்தான் ஏறும்.

லீக் இருக்கும் இடமும் ஏறக்குறைய தெரிந்ததுதான். சூட்டில் வெந்து வெந்து இறுகிப்போன ரப்பர் ஹோஸ். குறிப்பாக அது வளையும் முழங்கையின் அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியை அடியில் நீட்டி, விரலால் லேசாக வளைத்தால்தான் விரிசல் வாயைத் திறக்கும். கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சூடான இன்ஜின்மேல் எளிதில் தீப்பிடிக்கும் திரவத்தை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேனிஃபோல்டுக்குள் புகையை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்க்கும் ஸ்மோக் டெஸ்டே மேல்.

செலவு வைப்பதில் பி0420-ஐ மிஞ்ச ஆள் இல்லை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது புகார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் அளவு ஆடாமல் நிற்க வேண்டும்; முன் சென்சாரைப் போலவே மேலும் கீழும் துள்ளினால் கன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது என்று இசியூ முடிவு செய்கிறது. ஆனால் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு சின்ன லீக் இருந்தாலும் இந்த அளவுகள் குழம்பும். கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருந்தாலும், ஏன் போனது என்று பார்க்காமல் புதிது மாட்டினால் அதுவும் போகும். மிஸ்ஃபயரோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), எரியும் இன்ஜின் ஆயிலோதான் பல நேரம் காரணம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அப்போது வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவதுதான் நல்லது.

எதற்கும் முன்னால், எரரை அழிக்காமல் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடு, எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எரரை அழித்தாலோ பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலோ இந்தத் தடயம் போய்விடும்; இசியூ தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். கோளாறு நிஜமாகவே தீர்ந்திருந்தால், பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அந்தச் சோதனை தேறியதும் விளக்கு தானே அணையும். பெட்ரோல் ஆவிக் கசிவுச் சோதனைக்கு மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டேங்க் நிரம்பி வழியவும் கூடாது, வற்றிக் கிடக்கவும் கூடாது. டேங்க் மூடியை மாற்றிய மறுநாளும் விளக்கு எரிகிறது என்பதற்காக அடுத்த பாகத்தைக் கழற்றத் தொடங்க வேண்டியதில்லை.