வாளின் வயதைத் துருவில் பார்க்கலாம்

பழைய ஜப்பானிய வாள் ஒன்று கையில் கிடைத்தால், நாமெல்லாம் உறையிலிருந்து உருவி அலகின் பளபளப்பைத்தான் பார்ப்போம். விவரம் தெரிந்தவர் பிடியைக் கழற்றுவார். பிடியில் செருகியிருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் போதும், உள்ளே மறைந்திருக்கும் அலகின் வால்பகுதி வெளியே வந்துவிடும். ஜப்பானியர் அதை 'நாககோ' என்கிறார்கள்.

அலகைத் தலைமுறைதோறும் தீட்டுவார்கள். நாககோவை யாரும் தொடுவதில்லை. எனவே வாள் செய்த நாளிலிருந்து ஏறிய துரு அப்படியே இருக்கும். பல நூற்றாண்டுத் துரு கருமை கலந்த பழுப்பில், வழவழப்பாக, இரும்போடு ஒன்றிப்போயிருக்கும். செம்மண்போல உதிர்ந்து விரலில் ஒட்டினால் அது அண்மையில் ஏறியது. அமிலம் தடவி வரவழைத்ததாகவும் இருக்கலாம். சுத்தம் செய்வதாக எண்ணி நாககோவில் உப்புத்தாள் போட்டவர், வாளின் விலையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்.

துருவுக்கடியில் கொல்லர் உளியால் வெட்டிய பெயர் தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாழ்ந்த புகழ்பெற்ற வாள் கொல்லர் நாகசோனே கொதெட்சுவின் பெயரில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. மறுபுறம், நீண்ட பழைய வாள்களை வால்பக்கம் வெட்டிக் குறுக்கியபோது உண்மையான பெயர்களே காணாமல் போயின. ஆணித் துளை இரண்டு மூன்று இருந்தால் அந்தச் சந்தேகம் வரும்.

பெயர் கைவிட்டால் வடிவம் இருக்கிறது. பிடிக்கருகே ஆழமாக வளைந்த வாள், குதிரை வீரர்களின் காமகுரா காலத்தை (12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) நினைவூட்டும். 1660களின் வாள்களில் வளைவே குறைவு.

வாள் செய்த ஊரைச் சொல்வது 'ஹமோன்'. அலகில் களிமண் பூசி, விளிம்பில் மெல்லியதாகவும் முதுகில் தடிப்பாகவும் விட்டு, காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். சட்டென்று குளிர்ந்த விளிம்பு, மார்ட்டென்சைட் என்ற கடினமான எஃகாகிறது. மெதுவாகக் குளிர்ந்த முதுகு இளக்கமாகவே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓடும் வெண்ணிறக் கோடுதான் ஹமோன். ஒற்றை விளக்குக்குக் கீழே அலகைச் சாய்த்துப் பாருங்கள். கோடு பனிமூட்டம்போல் மங்கலாகத் தெரிந்தால் பிசென் பாணியாக இருக்கலாம். அது இன்றைய ஒகயாமா வட்டாரம். தனித்தனி மணிகளாக மின்னினால் காமகுரா நகரின் சோஷூ பாணியாக இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் மொத்தமாகச் செய்த பட்டாள வாள்கள் பலவற்றில் முத்திரையோ வரிசை எண்ணோ பதிந்திருக்கும். ஆனால் அந்தப் போருக்குக் குடும்ப வாளைப் பட்டாள உறையில் போட்டு எடுத்துச்சென்ற அதிகாரிகளும் உண்டு. உறை 1940களைச் சேர்ந்ததாக இருந்தாலும், மூங்கில் ஆணியைத் தட்டிப் பார்க்காமல் விடக்கூடாது.