பித்தநாளப் புற்றுநோய்: பெங்களூரில் அரசுத் திட்டத்தை நம்பியிருப்பவர்கள் காய்ச்சல் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை

அல்சூரைச் சேர்ந்த ஒரு பெண்மணி இரவு இரண்டு மணிக்குத் தன் கணவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். கணவருக்குப் பித்தநாளப் புற்றுநோய், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாயில் வரும் புற்றுநோய். பித்தநீர் வழியைத் திறந்து வைக்க உள்ளே வைத்திருந்த சிறு குழாய், அதாவது ஸ்டென்ட், அடைத்துக்கொண்டு, உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல். கையில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தது. "அரசு மருத்துவமனைக் கடிதம் இல்லாமல் திட்டத்தில் சேர்க்க முடியாது, முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். விடிந்ததும் வளையலை அடகு வைத்துக் கட்டினார். அவசரச் சிகிச்சைக்கு அந்தக் கடிதம் தேவையில்லை என்று விதி சொல்வது அவருக்குத் தெரியாது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

என் கணவருக்கும் இதே நோய்தான் வந்தது. அதனால் சொல்கிறேன்: இந்த நோயில் வீட்டைக் கரைப்பது கீமோ மட்டும் இல்லை. ஸ்டென்ட் அடைப்பதும், பித்தநாளத்தில் கிருமி சேர்வதும், மறுபடி மஞ்சள் காமாலை ஏறுவதுமாக நாள் சொல்லாமல் வரும் மருத்துவமனைச் சேர்க்கைகள்தான் கரைக்கின்றன. பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறத்தாழ மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் அனுமதி, காகிதம், வரிசை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

திட்டத்தின் பெயர் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா. 2018 முதல் நடப்பில் இருக்கிறது. பி.பி.எல். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவசம். வறுமைக் கோட்டுக்கு மேல் உள்ள ஏ.பி.எல். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை, 30 சதவீதம் மட்டும். இந்தத் தொகை முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து. ஆளுக்கு அவ்வளவு என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த 30 சதவீதத்தில்தான் முதல் ஏமாற்றம். அது மருத்துவமனை போடும் பில்லில் 30 சதவீதம் என்று நினைத்துக் கடன் கணக்குப் போடுகிறார்கள். அரசு அந்தச் சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகையில் 30 சதவீதம்தான் கிடைக்கும். அரசு நிர்ணயம் 50,000 ரூபாய் என்றால் உங்களுக்கு வருவது 15,000. பில் இரண்டு லட்சம் ஆனாலும் அதே 15,000தான்.

அடுத்தது ரேஷன் கார்டு. நம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். மனைவியின் பெயர் இன்னமும் திருவண்ணாமலையில் அப்பா வீட்டுக் கார்டில் இருக்கும். கணவரின் கர்நாடகக் கார்டில் பெயர் இல்லையென்றால், அந்தக் கார்டைக் காட்டி அவருக்குத் திட்டம் கேட்க முடியாது. நோய் தெரிந்த பிறகு பெயர் சேர்க்க அலைந்தால், அங்கே நீக்கிய சான்று கொண்டுவா, இங்கே சர்வர் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் வா என்று அலையவிடுவார்கள். பித்தநாளக் கட்டி அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்காது. இன்றே கார்டை எடுத்துப் பாருங்கள்.

பெயரின் எழுத்தும் அப்படியே. நமக்கு இனிஷியல், கர்நாடக அலுவலகம் அதை விரித்து எழுதும். ஆதாரில் 'மு. செல்வி', ரேஷன் கார்டில் 'செல்வி முருகன்' என்று இருந்தால், படுக்கையில் ஆள் துடிக்கும்போது பொருந்தவில்லை என்று கணினி சொல்லும். இரண்டையும் முன்கூட்டியே ஒன்றாக்கிவிடுங்கள்.

ஊர்க் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே இருபது வருடமாக வாழ்பவர்கள் உண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் பெங்களூர்க் கடையில் அரிசி வாங்குவதால் கர்நாடக மருத்துவத் திட்டத்தில் சேர்ந்துவிட்டதாக ஆகாது. அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தயவுசெய்து இரண்டு மாநிலத்திலும் கார்டு வைத்துக்கொள்ளாதீர்கள். சரிபார்ப்பில் மாட்டினால் தேவையான நேரத்தில் கார்டே போய்விடும்.

இனி அந்தக் கடிதம். தனியார் மருத்துவமனையில் பெரிய சிகிச்சை வேண்டுமென்றால், 'இங்கே இந்த வசதி இல்லை' என்று ஓர் அரசு மருத்துவமனை பரிந்துரை எழுதித் தர வேண்டும். அவசரத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் எது அவசரம் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வாதாட உங்களால் முடியாது. கூடுமானவரை அரசு நிறுவனத்திலேயே தொடங்குங்கள். ஓசூர் ரோட்டில் கித்வாய் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. விக்டோரியா அரசு மருத்துவமனை வளாகத்தில் இரைப்பை, குடல் நோய்களுக்கென்றே தனி அரசு நிலையம் இருக்கிறது. கூட்டம் அதிகம், விடியற்காலையில் போய் நிற்க வேண்டும். ஆனாலும் பரிந்துரைக் கடிதச் சண்டை இருக்காது. எங்கே ஸ்டென்ட் வைத்தார்களோ அங்கேயே பதிவு எண் இருப்பதும் பெரிய துணை.

தனியாரில்தான் பார்க்க வேண்டும் என்று முடிவானால், ஆள் நன்றாக இருக்கும் நாளில் போய்க் கடிதத்தை வாங்குங்கள். எந்தச் சிகிச்சைக்கு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதிய கடிதத்தோடு ஈ.ஆர்.சி.பி.க்கு, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சைக்குப் போனவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கேட்கும்போது கவனம். இது ரொக்கமில்லாத் திட்டம். 'இப்போது கட்டுங்கள், அப்புறம் திரும்பக் கிடைக்கும்' என்பதை நம்பிக் கட்டிய பணம் அநேகமாகத் திரும்பி வராது. சேர்க்கைக்கு முன் வெளியில் எடுக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் செலவும் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். பி.பி.எல். நோயாளியிடம், அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேல்தொகை கேட்பது விதிக்கு விரோதம். உலோக ஸ்டென்ட்டுக்குத் தனியாகக் கட்டுங்கள், விலை உயர்ந்த ஊசிக்குத் தனியாகக் கட்டுங்கள் என்று சொன்னால், திட்டத்தில் அது இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பல மருத்துவமனைகளில் பேச்சு மாறும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.

திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு வழிகாட்ட 'ஆரோக்கிய மித்ரா' என்றொருவர் இருப்பார். முதல் நாளே அவரைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைவிரித்தால் மாநில உதவி எண் 104க்குப் பேசுங்கள்; மத்திய அரசின் உதவி எண் 14555. பேசிய தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலருகே ஒரு துணிப்பை தயாராக இருக்கட்டும். ரேஷன் கார்டு, இருவரின் ஆதார், பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் வைத்த தேதி எழுதிய காகிதம், பரிந்துரைக் கடிதம், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். நடுங்கும் காய்ச்சலோடு கண்ணில் மஞ்சள் தெரிந்தால், மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.