6 மில்லிமீட்டர் வெல்டிங், 123 உயிர்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கடல் நடுவே நிற்கும் எண்ணெய் மேடைகளை நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பேரலையையும் தாங்கும்படிதானே கட்டுகிறார்கள், பிறகு ஏன் சில மேடைகள் சாதாரணக் காற்று மழைக்கே உடைந்துபோகின்றன?" இந்தக் கேள்விக்கு அலெக்சாண்டர் கீலாண்ட் மேடையின் கதையை விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வடகடலில் எண்ணெய்த் தொழில் கண்ட பெரும் துயரங்களில் ஒன்று அது, நார்வேக்காரர்கள் இன்றுவரை மறக்காதது. நம் பக்கம் அதைப் பற்றி அதிகம் பேர் எழுதியதில்லை.

1980 மார்ச் 27, மாலை ஆறரை மணி. நார்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல். கீலாண்ட் என்பது ஐந்து பெரிய தூண்களின் மேல் மிதக்கும் மேடை. பிரான்சின் டன்கர்க்கில் கட்டி 1976-ல் ஒப்படைத்தார்கள். கிணறு தோண்டுவதற்காகத்தான் வடிவமைத்தார்கள், ஆனால் அந்த வேலையை அது செய்யவே இல்லை. பக்கத்திலிருந்த எட்டா என்ற மேடையில் வேலை பார்த்தவர்கள் சாப்பிட, தூங்க, ஓய்வெடுக்க ஒரு மிதக்கும் விடுதியாகத்தான் இருந்தது. அன்று அதில் 212 பேர் இருந்தார்கள். பலர் சாப்பாட்டுக் கூடத்திலும் சினிமா அறையிலும் இருந்தபோது ஒரு பெரிய சத்தம், ஓர் அதிர்வு. ஐந்து தூண்களில் ஒன்று, 'டி' தூண், அப்படியே கழன்று போய்விட்டது. மேடை முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்து, மிச்சமிருந்த ஒரே ஒரு நங்கூர வடத்தின் பிடியில் கொஞ்ச நேரம் நின்றது. 6 மணி 53 நிமிடத்துக்கு அதுவும் அறுந்தது. மேடை தலைகீழாகக் கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள், 89 பேர் பிழைத்தார்கள்.

அன்று காற்று பலமாகத்தான் வீசியது, அலைகளும் உயரம்தான். ஆனால் குளிர்கால வடகடலில் அது அபூர்வமான வானிலை கிடையாது. அதை விட மோசமான நாட்களை அந்த மேடையே முன்பு பார்த்திருக்கிறது. அப்படியானால் அன்று மட்டும் என்ன நடந்தது?

தூண்களை ஒன்றோடொன்று பிணைக்கக் கிடையாகவும் சாய்வாகவும் எஃகுக் குழாய்கள் உண்டு. குழாய் என்றால் வீட்டுக் குழாய் இல்லை, ஒரு யானை உள்ளே நடந்து போகலாம், விட்டம் 2.6 மீட்டர். அவற்றில் டி-6 என்று பெயரிட்ட குழாயில் ஒரு வட்டத் துளை போட்டு, அதில் ஒரு சின்ன உருளையைப் பொருத்தி, சுற்றிலும் வெல்டிங் வைத்திருந்தார்கள். நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் ஹைட்ரோஃபோன் கருவியைத் தாங்குவதற்கான உருளை அது. மேடையின் எடையையோ அலையின் விசையையோ தாங்குவது அதன் வேலை இல்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. வைத்தது வெறும் 6 மில்லிமீட்டர் வெல்டிங். அதுவும் சரியாக வைக்கப்படவில்லை. உருளைக்குப் பயன்படுத்திய தகடோ, அதன் தடிமன் திசையில் இழுத்தால் அடுக்கடுக்காகக் கிழியும் ரகம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

இழுவிசை தாங்கும் ஒரு தகட்டில் துளை போட்டால், துளை இருக்கும் இடத்து உலோகம் சுமந்திருக்க வேண்டிய விசையையும் பக்கத்து உலோகமே சுமந்தாக வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் சுமை பக்கவாட்டில் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை, துளையின் விளிம்பிலேயே குவிகிறது. அகலமான தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால் அதன் விளிம்பில் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை, சரியாக மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அழகு என்னவென்றால், துளை சின்னதோ பெரியதோ, மூன்று மடங்குதான். விட்டம் அந்தக் கணக்கில் வரவே வராது! டி-6 துளையில் பொருத்திய உருளை நன்றாக ஒட்டியிருந்தால் அதுவும் விசையில் ஒரு பங்கை ஏற்றிருக்கும், விளிம்பில் இவ்வளவு குவிந்திருக்காது. வெல்டிங் விரிந்ததும் அது பெயருக்கு நிற்கும் உருளை ஆகிவிட்டது, துளை வெறும் துளை ஆகிவிட்டது.

மூன்று மடங்கு ஆனாலும் எஃகு உடனே உடைந்துவிடாது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்து ஒடித்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே கதை, ஆனால் ஒரு வித்தியாசம்: கம்பி வளைவது கண்ணுக்குத் தெரியும், இங்கே எதுவும் வளையவே இல்லை. எஃகு நிரந்தரமாக உருமாறும் அளவுக்குக் கீழேதான் ஒவ்வொரு அலையின் விசையும் இருந்தது. ஆனால் வெல்டிங்கில் ஏற்கெனவே இருந்த விரிசலின் முனை மிகமிகக் கூர்மையானது. அலை ஒன்று குழாயை இழுக்கும்போது அந்த முனை மட்டும் ஒரு துளி திறக்கிறது, அங்குள்ள அணு அடுக்குகள் சாய்வாக வழுக்கி முனை மழுங்குகிறது, புதிதாக ஒரு துளி உலோகப் பரப்பு வெளிப்படுகிறது. அலை இறங்கி விரிசல் மூடும்போது அந்தப் புதிய பரப்பு திரும்பப் போய் ஒட்டிக்கொள்வதில்லை, உள்ளே மடிகிறது, முனை பழையபடி கூர்மையாகிறது. அவ்வளவுதான். ஒரு அலைக்கு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு சிறு பங்கு தூரம் விரிசல் முன்னேறியிருக்கும். உடைந்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த முன்னேற்றம் வரிவரியாகப் பதிந்திருப்பதை எண்ணவே முடியும். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம்.

மைக்ரானில் ஒரு பங்கு என்று அலட்சியம் வேண்டாம். எட்டு வினாடிக்கு ஓர் அலை என்று வைத்தாலும் வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் அலைகள். அதோடு, அலை மாற்றும் தகைவுக்கும் விரிசல் வளரும் வேகத்துக்கும் உள்ள உறவு நேர்விகிதம் கிடையாது, எஃகில் அது ஏறக்குறைய மூன்றாம் அடுக்கு. தகைவு இரண்டு மடங்கானால் வேகம் எட்டு மடங்கு. துளை விளிம்பில் அது மூன்று மடங்காகிறது என்றோமே, அங்கே வேகம் 27 மடங்கு! போதாக்குறைக்கு, விரிசல் நீள நீள முனையில் விசை இன்னும் குவியும், வேகம் இன்னும் கூடும். அதனால்தான் முதல் சில சென்டிமீட்டருக்கு எடுத்துக்கொள்ளும் காலத்தோடு ஒப்பிட்டால் கடைசி மீட்டர்கள் பறந்துவிடுகின்றன.

விரிசல் வளரும் வேகத்தை இப்படித் தகைவோடு இணைக்கும் விதியைப் பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் முன்வைத்தபோது பெரிய ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. 1961-ல் ஒரு பல்கலைக்கழக இதழில்தான் வெளியானது. இன்று விமானங்களுக்கும் பாலங்களுக்கும் ஆய்வு இடைவெளியை இந்த விதியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் கடல் மேடைகளின் குழாய் இணைப்புகளை லட்சக்கணக்கான முறை இழுத்தும் அழுத்தியும் சோதித்திருக்கிறார்கள். இந்தச் சோதனைகளை அவசரப்படுத்த முடியாது, நாள்கணக்கில், மாதக்கணக்கில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவில் கிடைப்பதும் ஒரு வரைபடம்தான், நாடா வெட்டித் திறக்க எதுவும் இருக்காது. ஆனாலும் நம் அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டிய ஆராய்ச்சி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கீலாண்டுக்கு வருவோம். விசாரணைக்குழுவினர் மீட்ட துண்டுகளை ஆராய்ந்தபோது உருளையைச் சுற்றிய வெல்டிங்கின் உடைந்த பரப்பில் பெயின்ட் இருப்பதைப் பார்த்தார்கள். மேடைக்கு அடித்த அதே பெயின்ட். உடையாத உலோகத்துக்குள் பெயின்ட் எப்படிப் போகும்? பெயின்ட் அடிக்கும்போதே விரிசல் திறந்திருந்தால்தான் போகும். ஆகவே மேடை கட்டுந்தளத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்த வெல்டிங் விரிந்திருந்தது, அதன் மேலேயே பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து என்னால் அந்த விபத்தை 'இயற்கைச் சீற்றம்' என்று சொல்ல முடியவில்லை. விதி, கெட்ட நேரம், கண்ணேறு என்று நம் ஊரில் சொல்வதும் இதே ரகம்தான், அந்தப் பேச்சு தொடங்கியதும் யாரும் வெல்டிங்கைப் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றரை வருஷத்துக்கு மேல் வளர்ந்த விரிசல், டி-6 குழாயின் சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டது. மிச்ச எஃகு அன்று மாலை ஒரே இழுப்பில் அறுந்தது. 'டி' தூணைப் பிடித்திருந்த மற்ற ஐந்து குழாய்களும் கூடுதல் சுமை தாங்காமல் அடுத்தடுத்து முறிந்தன. ஒன்று போனால் மற்றவை தாங்கும் என்ற ஏற்பாடே அந்த வடிவமைப்பில் இல்லை.

உயிர்காக்கும் படகுகளில் குறையில்லை, தலா 50 பேர் ஏறக்கூடிய ஏழு படகுகள் இருந்தன. நான்கைத்தான் இறக்க முடிந்தது. வடத்தில் பாரம் தொங்கும்போது கொக்கி கழலாது என்பது அவற்றின் அமைப்பு. அமைதியான கடலில் இது பாதுகாப்பு, கொந்தளிக்கும் கடலில் படகு மேடையின் தூணிலேயே போய் மோதும். ஒன்றுதான் ஒழுங்காகக் கழன்றது. குளிர்நீரில் உயிர்காக்கும் உடை அணிந்திருந்தவர்களும் மிகச் சிலரே.

இதற்குப் பிறகு நார்வே விதிகளை மாற்றியது. மிதக்கும் மேடை ஒரு தூணையே இழந்தாலும் கவிழாமல் மிதக்க வேண்டும், ஓர் உறுப்பு முற்றிலும் போய்விட்டாலும் மீதிக் கட்டமைப்பு நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டச் சொன்னது. பாரம் இருக்கும்போதே கழலும் கொக்கிகளும், சரிந்து தானாகக் கடலில் பாயும் மூடிய படகுகளும் பரவின. சுமை தாங்காத சின்ன உறுப்பாக இருந்தாலும், சுமை தாங்கும் குழாயில் அதைப் பற்றவைத்தால் அந்த வெல்டிங்கையும் முதன்மை வெல்டிங்காகவே சோதிக்க வேண்டும் என்பதை இன்று இத்துறை மாணவர்கள் இந்த விபத்தை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

குடும்பங்களுக்கு இது பொறியியல் பாடமாக முடிந்துவிடவில்லை. கவிழ்ந்த மேடையை 1983-ல்தான் நிமிர்த்த முடிந்தது, உள்ளே இன்னும் சில உடல்கள் கிடைத்தன, 30 பேர் கிடைக்கவே இல்லை. அந்த ஆண்டே மேடையை ஓர் ஆழமான ஃபியோர்டில் (மலைகளுக்கிடையே நீளும் கடல் நீர்ப்பகுதி) மூழ்கடித்துவிட்டார்கள். யார் பொறுப்பு என்பதை அன்றைய விசாரணை போதுமான அளவு தெளிவாக்கவில்லை, பிழைத்தவர்களையும் இறந்தோர் குடும்பங்களையும் அரசு சரியாகக் கவனிக்கவில்லை என்று நார்வேயின் தலைமைத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது 2021-ல். தங்கள் சங்கத்தின் மூலம் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நாற்பது வருஷம் கழித்தாவது அந்த அறிக்கை வந்தது.