முற்றுகையில் தண்ணீர் எப்படிக் கெடுகிறது?

குழாயைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அப்படித் தள்ளும் அழுத்தம்தான் அதைச் சுத்தமாகவும் வைத்திருக்கிறது. மண்ணுக்கடியில் போகும் குழாயில் எங்காவது ஒரு விரிசல் இருக்கும், ஒரு மூட்டு தளர்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அந்த வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். மோட்டார் நின்றால் நிலைமை தலைகீழ். காலியாகும் குழாய், வெளியே தேங்கியிருப்பதை உள்ளே இழுக்கத் தொடங்கும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் உடைந்து கிடந்தால் அதுவும் உள்ளே போகும். மறுபடி மின்சாரம் வந்ததும் வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது அந்த அழுக்குதான். பல மணி நேரம் குடத்தோடு காத்திருந்தவர்கள் முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

முற்றுகையிடப்பட்ட ஊரில் தண்ணீரைக் கெடுக்க யாரும் அதில் எதையும் கலக்க வேண்டியதில்லை. டீசல், உதிரிப் பாகங்கள், குளோரின் மூன்றையும் தடுத்தால் போதும். 2007 முதல் முற்றுகையில் இருக்கும் காசாவில் இது கண்முன்னே நடக்கிறது.

அங்கே மக்கள் பெரிதும் நம்பியிருந்தது கடலோர நிலத்தடி நீரை. இந்த நீருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நன்னீர் எடை குறைந்தது என்பதால் மண்ணுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் கைபனும், அவருக்குப் பின் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இறைத்து இறைத்து மேல்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், நாளடைவில் கீழேயிருந்து உப்புநீர் 40 மீட்டர் மேலேறிவிடும். காசாவில் மழை நிரப்பியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இறைத்தார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டு வாழும் சிறு நிலப்பரப்பில் வேறு என்ன செய்ய முடியும்? 2023 போருக்கு முன்பே அந்த நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் குடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது. உப்போடு, கழிவுநீரிலிருந்து இறங்கிய நைட்ரேட்டும் சேர்ந்திருந்தது. பச்சிளங்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடும்.

சரி, கடல்நீரை நன்னீராக்கலாமே? ஆக்கலாம், அதற்கான ஆலைகளும் அங்கே உண்டு. ஆனால் உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் வழியாகக் கடல்நீரைத் தள்ள, காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 60 மடங்கு அழுத்தம் வேண்டும். 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். 2023 அக்டோபர் 11 அன்று எரிபொருள் தீர்ந்து, காசாவின் ஒரே மின் நிலையம் நின்றது. ஜெனரேட்டருக்கும் டீசல் வேண்டும். சவ்வு பழுதானால் மாற்றுச் சவ்வு எல்லையைத் தாண்டி வர வேண்டும். பம்பு, குழாய் போன்றவைகூட ராணுவத்துக்கும் பயன்படலாம் என்ற காரணத்தால் இஸ்ரேலின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தவை.

கடைசிக் காவல் குளோரின். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால், வழியில் புகுந்த கிருமிகளையும் அது சமாளிக்கும். ஆனால் அழுக்கு சேரச் சேர குளோரின் அதிலேயே கரைந்து தீர்ந்துவிடும். ஆக, குழாய் உடைந்து கிடக்கும் நாட்களில்தான் அது கூடுதலாகத் தேவைப்படும், கிடைப்பதோ குறைவாக இருக்கும். சேமித்து வைக்கவும் வழி குறைவு. திரவக் குளோரின் கரைசல் வெயிலில் வேகமாக வீரியம் இழக்கும்.

மின்சாரம் நின்றால் கழிவுநீர் சுத்திகரிப்பும் நின்று, அது அப்படியே கடலுக்குப் போகும். 2016இல் காசாவிலிருந்து மிதந்து வந்த கழிவால் இஸ்ரேலின் அஷ்கெலோன் கடல்நீர் ஆலையே இயக்கத்தை நிறுத்த வேண்டிவந்தது.

அப்புறம் ஒரு குடும்பத்தால் என்ன செய்ய முடியும்? கலங்கலில்லாத நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால், புற ஊதாக் கதிர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். மேகமூட்டமென்றால் 2 நாள் வைக்க வேண்டும். விறகு கிடைத்தால் கொதிக்க வைக்கலாம். இரண்டாலும் உப்பு போகாது. கொதித்து வற்ற வற்ற, பாத்திரத்தில் மிஞ்சுவது இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கரிக்கும்.