திட்டு யாரை நோக்கிப் போகிறது?

சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களில் நடுவராக நிற்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இதுதான்: "அந்தப் பையன் கெட்ட வார்த்தை பேசினானே, உங்கள் காதில் விழவில்லையா?" பெரும்பாலும் விழுந்திருக்கும். மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (பேட்டர் அடிக்கத் தவறியதாகக் கணக்காகும் பந்து) ஆட்டமிழந்த பன்னிரண்டு வயதுப் பையன், தலையைக் குனிந்துகொண்டு அணியினர் அமரும் டக்அவுட்டுக்குத் திரும்பும்போது தன்னையே திட்டிக்கொள்கிறான். அதே இன்னிங்ஸில் எதிரணியின் பெஞ்சிலிருந்து ஒருவன், பந்து வீசும் பிட்சரைக் காட்டித் தன் அணியின் பேட்டரிடம் உரக்கச் சொல்கிறான்: "இவனுக்குப் பந்து போடவே தெரியாது, மட்டையைத் தூக்காமல் சும்மா நில், போதும்." இதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதனால் இதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. என் கணக்கில் முன்னதைவிடப் பின்னதுதான் பெரிய குற்றம். மேட்டில் தனியாக நின்று பந்து வீசும் அந்தப் பிட்சரின் முகத்தை அருகில் பார்ப்பவர்களுக்கு ஏன் என்று புரியும்.

விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. எதிரணி ஆட்டக்காரர், பயிற்சியாளர், நடுவர், பார்வையாளர் ஆகிய எவரையும் இழித்துப் பேசும் சொற்களை ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ பயன்படுத்தக் கூடாது என்பது பேஸ்பாலின் நெடுநாள் விதி. 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் தொடங்கிய லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் விதிகளிலும் அது இருக்கிறது. தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியல் எதையும் அந்த விதி தரவில்லை. பேச்சு யாரைக் குறிக்கிறது என்பதையே அது கேட்கிறது. விளையாட்டு நெறிக்குப் புறம்பான நடத்தைக்கும் பேச்சுக்கும் ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் களத்தில் உள்ள ஒவ்வொரு நடுவருக்கும் உண்டு. பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த தட்டு) பின்னால் நிற்கும் தலைமை நடுவருக்கு மட்டும் உரியதன்று.

அதிகாரம் பெரியது என்பதாலேயே அதற்கு முன் படிகள் வேண்டும். நடுவர் பயிற்சியில் நான்கு படிகளைச் சொல்லித்தருவார்கள்: கண்டுகொள்ளாமல் விடுவது, கேட்டது என்று காட்டிக்கொள்வது, எச்சரிப்பது, வெளியேற்றுவது. பெரியவர்களின் ஆட்டத்தில் முதல் படியில் நிறையச் சமாளித்துவிடலாம். சிறுவர்களிடம் நான் இரண்டாவது படியில்தான் அதிக நேரம் நிற்கிறேன். நடுவர் கேட்டும் பேசாமல் இருந்தால், இது அனுமதிக்கப்பட்டது என்றே பத்து வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். கேட்டவுடன் கையை உயர்த்தி எச்சரித்தாலோ, அரங்கம் முழுவதும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். அதன்பின் அவமானம் மட்டுமே மனத்தில் நிற்கும். சொன்ன சொல் மறந்துபோகும்.

இதற்கு நடுவர்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. பிளேட்டில் மண் படிந்திருந்தாலும் படியாவிட்டாலும், டைம் சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, களத்துக்கு முதுகு காட்டிக் குனிந்து சிறிய பிரஷ்ஷால் அதைத் துடைப்போம். பார்ப்பவர்களுக்கு நடுவர் பிளேட்டைச் சுத்தம் செய்கிறார், அவ்வளவுதான். அந்தச் சில வினாடிகளில் பேட்டரிடமோ, அவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரிடமோ சொல்ல வேண்டியதைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிடலாம். "எனக்குக் கேட்டது. கோபம் புரிகிறது. இன்னொரு முறை வேண்டாம்." இதற்கு மேல் நான் பேசுவதில்லை. அறிவுரை நீளும்போது பையன் பதில் சொல்லத் தொடங்குவான். பதில் வந்தால் எச்சரிக்கை தேவைப்படும். கேட்சரிடம் சொன்னால் இன்னும் நல்லது, அவன் தன் அணித் தோழர்களிடம் தானே போய்ச் சொல்லிவிடுவான். சக வயதுப் பையன் சொல்வதைப் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகக் கேட்கிறார்கள்.

அதிலும் தீராவிட்டால், இன்னிங்ஸ் முடிந்து அணிகள் மாறும் இடைவெளியில் பயிற்சியாளரிடம் போவேன். ஆட்டக்காரரின் எண்ணையும் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொல்வேன். நல்ல பயிற்சியாளர் அந்தப் பையனை ஓர் இன்னிங்ஸ் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். நடுவர் தரும் தண்டனையைவிட அது பயன் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் எந்தப் படியும் இல்லாமல் நேரே வெளியேற்றத்துக்குப் போக வேண்டியவை உண்டு. இனத்தையோ நிறத்தையோ மதத்தையோ குறித்த இழிசொல், ஒருவனின் உடற்குறையைக் கேலி செய்வது, அடிப்பேன் என்ற மிரட்டல், வேண்டுமென்றே ஓடி மோதுவது. இவற்றில் "சின்னப் பையன், தெரியாமல் சொல்லிவிட்டான்" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டவனும் சின்னப் பையன்தானே? மட்டையையும் ஹெல்மெட்டையும் எறிவது வேறு வகை. கையிலிருந்து மட்டை நழுவுவதற்கும், ஆத்திரத்தில் வீசுவதற்கும் உள்ள வேறுபாடு பக்கத்தில் நிற்பவருக்கு ஐயமின்றித் தெரியும்.

வெளியேற்றுவதிலும் முறை உண்டு. தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல் கையை வீசிக் கத்துவதற்குச் சிறுவர் ஆட்டத்தில் இடமே இல்லை. பயிற்சியாளரை அழைத்து, சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். பிள்ளை தனியாக அனுப்பப்படக் கூடாது. பொறுப்பான பெரியவர் ஒருவர் உடன் இருக்கிறார் என்று உறுதியான பிறகே ஆட்டத்தைத் தொடர வேண்டும். லிட்டில் லீக்கில் வெளியேற்றப்பட்டவர் அணியின் அடுத்த ஆட்டத்திலும் பங்கேற்க முடியாது. மைதானத்துக்கே வரக் கூடாது. விளைவு இவ்வளவு கடுமையாக இருப்பதால், அன்றிரவே எழுதும் அறிக்கையில் "தகாத முறையில் நடந்துகொண்டான்" என்று மழுப்பக் கூடாது. சொன்ன சொல், யாரிடம் சொன்னான், அதற்கு முன் என்ன எச்சரிக்கை தரப்பட்டது ஆகிய மூன்றும் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். கெட்ட வார்த்தையை எழுதக் கூசும் நடுவரின் அறிக்கையை வைத்துக்கொண்டு லீக் எந்த முடிவுக்கும் வர முடியாது.

பயிற்சியாளர்களைப் பற்றி இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் பேசும் தொனி பெரும்பாலும் பயிற்சியாளர்களுடையதுதான். பால் (பேட்டர் அடிக்காமல் விட்ட, எல்லைக்கு வெளியே போன பந்து), ஸ்ட்ரைக் போன்ற, கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகளில் வாதிட இடமில்லை. ஒரு விதியைத் தவறாகப் பயன்படுத்தினோமா என்று கேட்க இடமுண்டு. "அது தாழ்வாக வந்த பந்து" என்று ஒருவர் முணுமுணுத்தால் நான் விட்டுவிடுவேன். "நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்" என்றால் விட மாட்டேன். தனிமனிதத் தாக்குதல், வசை, முடிவில்லாமல் நீளும் முறையீடு ஆகிய மூன்றும்தான் எல்லைக்கோடு என்று நடுவர்களிடையே ஒரு பொதுப் புரிதல் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளில், பயிற்சியாளரை ஆட்டம் முடியும்வரை டக்அவுட்டைவிட்டு வெளியே வராதபடி கட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. வெளியேற்றத்துக்கு முன் எனக்குப் பிடித்த கருவி அது.

பார்வையாளர்களோடு நடுவர் பேச்சு வளர்க்கவே கூடாது. வேலிக்கு அப்பால் இருந்து வரும் வசை எல்லை மீறினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பயிற்சியாளரையோ லீக் பொறுப்பாளரையோ அழைத்து, அவர்களே சரிசெய்யட்டும் என்று காத்திருப்பது போதும். மைதானம் அமைதியானதும் ஆட்டம் தொடரும். சிறுவர் ஆட்டங்களின் நடுவர்களில் பதின்வயதினரும் உண்டு என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். நியூ ஜெர்சியின் டெப்ட்ஃபோர்ட் லிட்டில் லீக் 2023-ல் ஒரு விதி கொண்டுவந்தது: நடுவரைத் திட்டும் பார்வையாளர் மூன்று ஆட்டங்களுக்கு நடுவராகப் பணிபுரிந்த பிறகே மைதானத்துக்குத் திரும்பலாம். வசை தாங்காமல் நடுவர்கள் விலகிப்போனதே அதற்குக் காரணம். அந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன்.

தண்டனையைப் பற்றி மட்டும் பேசினால் இந்த ஆட்டத்துக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். 2022 ஆகஸ்டில் டெக்சாஸின் வேகோ நகரில் நடந்த லிட்டில் லீக் மண்டலப் போட்டியில், ஒரு பந்து பேட்டரின் ஹெல்மெட்டில் தாக்கி அவன் கீழே விழுந்தான். எழுந்து முதல் பேஸுக்கு (ஓடுபவர் அடைய வேண்டிய முதல் நிலை) போன பையன், மேட்டில் நின்று கலங்கிக்கொண்டிருந்த பிட்சரிடம் நடந்து போய் அவனைக் கட்டிக்கொண்டான். இப்படிப்பட்ட வேளையில் நடுவரின் வேலை, ஆட்டத்தை அவசரப்படுத்தாமல் ஒதுங்கி நிற்பது. இதைவிடச் சிறிய செயல்கள் எல்லா ஆட்டத்திலும் நடக்கின்றன: எதிரணிக் கேட்சர் கழற்றி எறிந்த முகக்கவசத்தை எடுத்துக் கொடுப்பது, விழுந்தவனுக்குக் கை நீட்டுவது. அவற்றையும் எண்ணைச் சொல்லிப் பயிற்சியாளரிடம் தெரிவிக்கிறேன், வசையைத் தெரிவிக்கும் அதே இடைவெளியில்.

உங்கள் பிள்ளை வெளியேற்றப்பட்டால், அன்று வாகன நிறுத்துமிடத்தில் நடுவருக்காகக் காத்திருக்காதீர்கள். பயிற்சியாளரிடம், சொன்ன வார்த்தை என்ன, யாரிடம் சொன்னான் என்று கேளுங்கள். பிறகு அதே கேள்வியை வீட்டில் பிள்ளையிடம் கேளுங்கள். முறையீடு இருந்தால் அடுத்த நாள் லீக்குக்கு எழுதுங்கள். எங்கள் அறிக்கை அங்கேதான் இருக்கும்.